முதலில் மூக்கைப் பாருங்கள்

தொட்டி மேல் ஒட்டிய சீட்டில் 'கேட்ஃபிஷ்' என்று ஒரே ஒரு சொல்லும் ஒரு விலையும் இருக்கும். உள்ளே நாலைந்து விதமான மீசைக்காரர்கள் மூலையில் ஒண்டிக் கிடப்பார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் வண்ணமீன் கடைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். "இது என்ன மீன்ணே?" என்று கேட்டால், "கேட்ஃபிஷ் தம்பி, அடியில கிடக்கிற தீனியெல்லாம் தின்னுடும், தொட்டி சுத்தமா இருக்கும்" என்று பதில் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து ஆக்சிஜன் பாக்கெட்டில் ஏறும்போதே அந்த மீனுக்கு அதற்கு மேல் ஒரு பெயர் இருந்திருக்காது. என்னை உறுத்துவது வாங்கியவர் அடுத்துச் செய்கிற காரியம். போனில் ஒரு படம் எடுத்து, நிறத்தை வைத்துப் பெயர் தேடுகிறார். வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளி, நீள மீசை என்றால் தென் அமெரிக்க 'பிக்டஸ்' என்று முடிவு. தட்டையான வாய், கண்ணாடியில் ஒட்டுகிறது என்றால் 'சக்கர்', விஷயம் முடிந்தது. அமேசானில் பிறந்ததாக நினைத்து வளர்க்கிற மீன், கெடிலம் ஆற்றில் தூண்டில் போட்டாலே கிடைக்கிற நாட்டுக் கெளுத்தியாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

கெளுத்தி வரிசையில் 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. இத்தனையில் நிறம் பார்த்து ஒன்றைப் பிடிப்பது நடக்காத காரியம். பாக்கெட்டில் வந்த பயத்தில் நிறம் வெளுக்கும். இரவில் விளக்கணைத்தால் இன்னொரு நிறம். குஞ்சில் இருக்கிற கோடு வளர்ந்தபின் காணாமல் போகும். 'ஷார்க்' என்று விற்கிற பங்காசியஸ் குஞ்சுக்குப் பக்கவாட்டில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று இருக்கும், பெரிதானதும் ஒரே சாம்பல். அல்பினோ என்றால் கேட்கவே வேண்டாம்: கோரிடோராஸ், பிரிசில்நோஸ், சக்கர், பங்காசியஸ், கிளாரியஸ் என்று எல்லாக் கெளுத்தி வகைகளிலும் வெள்ளை உடம்பு சிவப்புக் கண் உண்டு. ஆகவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பது என் கட்சி. தோல், மீசை, துடுப்பு, இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அதற்கு வேலை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டியில் விளிம்புவரை ஊற்றினாலும் சுமார் 105 லிட்டர்தான் பிடிக்கும். அதில் விரல் நீளத்தில் விடப்படும் ரெட்டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டி வளர்கிற மீன். வாயில் நுழைகிற எதையும் விழுங்கும். பங்காசியஸும் அதே கணக்குதான், வளர்ப்புக் குளங்களில் சாப்பாட்டுக்காக வளர்க்கிற மீன் அது. 'சில்வர் டிப் ஷார்க்' என்று வருவது கழிமுகத்துக் கெளுத்தி. குஞ்சில் நல்ல தண்ணீரைத் தாங்கும், வளர வளர உப்பு கேட்கும், கொடுக்காவிட்டால் காரணமே புரியாமல் தேய்ந்து சாகும். பெயர் தெரியாவிட்டால் இந்த மூன்றில் எது உங்கள் தொட்டியில் இருக்கிறது என்பதும் தெரியாது.

டப்பா, டார்ச், ஸ்கேல்

பார்ப்பதற்கு மீனைப் பிடிக்க வேண்டும். வலையைப் போடாதீர்கள். பெரும்பாலான கெளுத்திக்கு முதுகுத் துடுப்பின் முன்னாலும் இரண்டு மார்புத் துடுப்புகளின் முன்னாலும் முள் இருக்கும். பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். முள்ளின் உள்விளிம்பில் ரம்பப் பற்கள் இருப்பதால் வலை நூலில் மாட்டினால் பின்னோக்கி வராது. இழுத்தால் துடுப்பு கிழியும். மாட்டிக்கொண்டால் மீனை விட்டுவிட்டு வலையைக் கத்தரியுங்கள். இதற்கு நல்ல கருவி, ஹோட்டல் பார்சலில் வருகிற 1 லிட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா. சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவி, தொட்டிக்குள் சாய்த்து முக்கி, ஸ்கேலால் மீனை மெல்ல ஒதுக்கி உள்ளே விடுங்கள். முக்கால்வாசித் தண்ணீர் போதும், மூடியை லேசாக வையுங்கள். மீன் சுற்றிச்சுற்றி வந்தால் ஒரு பிளாஸ்டிக் அட்டையை உள்ளே குறுக்காகச் செருகி இடத்தைக் குறுக்கிவிடலாம். பத்து நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

படம் ஐந்து வேண்டும்: இடது பக்கம், மேலிருந்து, டப்பாவைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து, முகம் மட்டும் கிட்டத்தில், முதுகுத் துடுப்பு விரிந்த நிலையில் ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், டப்பாச் சுவர் வெள்ளையடித்துவிடும். இன்னொரு போனின் டார்ச்சை மேலிருந்து பிடித்தால் போதும். துடுப்பைக் குச்சிபோல் தாங்கி நிற்கும் கதிரை எண்ண மட்டும் டார்ச்சை மீனுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். ஸ்கேலை டப்பாவுக்கு வெளியே ஒட்டி அளந்தால் அளவு பொய்யாகும். உள்ளே, மீனை ஒட்டி நிற்க வேண்டும். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம்வரை எடுங்கள். வாலைச் சேர்த்து அளக்காததற்குக் காரணம், கடை மீனில் பாதிக்கு வால் கடிபட்டிருக்கும். புத்தகங்களில் வருகிற விகிதங்களும் பெரும்பாலும் இந்த அளவை வைத்துத்தான்.

படங்கள் கையில் வந்ததும் முதல் கேள்வி தோல். செதில் தெரிந்தால் அது கெளுத்தியே இல்லை. ரெயின்போ ஷார்க்குக்கும், சக்கர் என்ற பெயரில் தள்ளிவிடப்படும் சைனீஸ் ஆல்கே ஈட்டருக்கும் செதில் உண்டு. எலும்புத் தகடு இருந்தால் அடுத்து எத்தனை வரிசை என்று பாருங்கள். பக்கவாட்டில் இரண்டே வரிசை, ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று என்றால் கோரிடோராஸ் குடும்பம். உடம்பு முழுக்கத் தகடு, வாய் அடியில், உறிஞ்சும் கிண்ணம் என்றால் சக்கர் குடும்பம். நடுப்பக்கத்தில் ஒரே வரிசை, ஒவ்வொரு தகட்டிலும் ஒரு கொக்கி என்றால் டோராஸ் குடும்பம். தகடும் இல்லை, செதிலும் இல்லை, வழுவழு தோல் என்றால்தான் உண்மையான தலைவலி தொடங்குகிறது.

மூக்கில் ஒரு ஜோடி

கெளுத்திக்கு மீசை அதிகபட்சம் நாலு ஜோடி. மேல்தாடை ஓரத்தில் ஒரு ஜோடி, இதுதான் நீளமானது, எல்லார் கண்ணிலும் படுவது. கீழ்த்தாடையில் இரண்டு ஜோடி. நாலாவது ஜோடி மூக்கில். இந்த நாலாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மீனின் மூக்குத் துவாரம் ஒரு பக்கத்துக்கு இரண்டு, முன்னொன்று பின்னொன்று. நாலு ஜோடிக்காரர்களுக்குப் பின் துவாரத்தின் விளிம்பிலிருந்து ஒரு சிறு மீசை கிளம்பும். 6, 7 செ.மீ. குஞ்சில் அது மயிரிழைதான். கண்ணை எட்டும், சிலவற்றில் தாண்டும். நீந்தும்போது தலையோடு படிந்து கிடப்பதால் பக்கவாட்டுப் படத்தில் தெரியவே தெரியாது. மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது மீன் அசையாமல் நிற்கும்போது டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மீசையின் நிழல் மண்டைமேல் விழும். ஒரு பக்கம் மட்டும் பார்த்து 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. கடைத் தொட்டியில் நெருக்கடியில் மீசை அறுந்திருக்கும். இரண்டு பக்கமும் பாருங்கள். அறுந்திருந்தால் துவாரத்தின் விளிம்பில் குட்டையாக ஒரு முனையாவது மிஞ்சியிருக்கும்.

இதில் என்ன அப்படி விசேஷம் என்றால், பிக்டஸ், ரெட்டெயில் முதலிய தென் அமெரிக்க வழுவழுக் கெளுத்திகளின் குடும்பத்துக்கு மூக்கு மீசை கிடையாது. மொத்தம் மூன்றே ஜோடி. நம் ஊர் ஏரிக் கெளுத்திக் குடும்பத்துக்கு அது உண்டு, மொத்தம் நாலு. தேளிக்கும் கிளாரியஸுக்கும் நாலு. ஆகவே 'பிக்டஸ்' என்று வாங்கிய மீனின் மூக்கில் மீசை இருந்தால் அது பிக்டஸ் இல்லை, மேற்கொண்டு வாதமே வேண்டாம். மறுபக்கமாக இதைத் திருப்பக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூக்கு மீசை இல்லை என்பதால் மட்டும் அமேசான் மீன் ஆகிவிடாது. கடல் கெளுத்திக்கும் இல்லை. பங்காசியஸுக்கும் வாளைக்கும் மொத்தமே இரண்டு ஜோடிதான். தலைகீழாக நீந்தும் ஆப்பிரிக்க சினோடான்டிஸுக்கு மூன்று ஜோடி. ஆனால் கீழ்த்தாடை மீசைகளில் சிறு கிளைகள் பிரிந்து சிறகு மாதிரி இருக்கும், அதை வைத்தே பிடித்துவிடலாம்.

படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டிய விஷயம் இது. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குக் காலையில் போனால் கடல் கெளுத்தி கிடைக்கும். மூக்குத் துவாரம் இரண்டும் நெருக்கமாக, பின்னதன்மேல் ஒரு மடிப்பு, மீசை இருக்காது. ஊர்ச் சந்தையில் ஏரி மீன் விற்கிற அம்மாவிடம் நாட்டுக் கெளுத்தி கால் கிலோ வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் பெரிய மீனாக ஒருமுறை பார்த்துவிட்ட கண், அப்புறம் டப்பாவுக்குள் 6 செ.மீ. குஞ்சிலும் தானாகத் தேடும். பார்த்து முடித்ததும் குழம்பு வைத்துக்கொள்ளலாம். இந்தப் படிப்புக்கு இப்படியொரு வசதி.

மூக்கு மீசை இருக்கிறது, நாலு ஜோடி, வழுவழு தோல் என்று ஆகிவிட்டால் அடுத்து முதுகு. கிளாரியஸுக்கு முதுகுத் துடுப்பு கழுத்திலிருந்து வால்வரை ஒரே நீளம், முள் கிடையாது. தேளிக்கு முதுகுத் துடுப்பு குட்டை, அதிலும் முள் இல்லை. அடித்துடுப்புதான் நீளமாக வால்வரை ஓடும். இந்த இரண்டும் இல்லாமல், முதுகில் முள்ளோடு ஒரு துடுப்பு, அதற்குப் பின்னால் கதிரே இல்லாத சதைப்பற்றான கொழுப்புத் துடுப்பு, வால் கவட்டையாகப் பிளந்தது என்றால் மிஸ்டஸ் என்ற நாட்டுக் கெளுத்திப் பேரினத்தின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். இங்கே கொழுப்புத் துடுப்பின் நீளம் முக்கியம். முதுகுத் துடுப்பு முடிந்த இடத்திலேயே தொடங்கி நீளமாகப் போய், மேல்தாடை மீசையும் வால் அடிவரை எட்டினால் மிஸ்டஸ் கவாசியஸ் பக்கம் போகலாம். கொழுப்புத் துடுப்பு குட்டையாக, நடுவில் நல்ல இடைவெளி விட்டு இருந்து, உடம்பில் நீளவாக்கில் கோடுகளும் செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளியும் இருந்தால் மிஸ்டஸ் விட்டாட்டஸ். கொழுப்புத் துடுப்பு குட்டைதான், ஆனால் கோடு எதுவும் இல்லை, மண்டை மேல்பக்கம் சொரசொரப்பு, உடம்பு மங்கின சாம்பல் என்றால் மிஸ்டஸ் குலியோ. உப்பனாறு, வெள்ளாற்றுக் கழிமுகம் மாதிரி உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடங்களின் மீன் அது. கடைசி நிலையில்தான் நிறம் உள்ளே வந்திருக்கிறது, கவனியுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. விட்டாட்டஸுக்கும் தேளிக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் ப்ளோக், ஆண்டு 1794. அவர் கைக்குப் போன மீன்கள் தரங்கம்பாடியிலிருந்து போனவை. கடலூருக்குத் தெற்கே இதே கரையில் பிடித்து உலகத்துக்கு அறிமுகமான மீனை, இன்று தென் அமெரிக்கப் பெயர் ஒட்டி நமக்கே விற்கிறார்கள். விட்டாட்டஸ் அழகான மீன், வளர்க்கத் தகுந்த மீன். சின்ன நியான் டெட்ராக்களோடு மட்டும் விடாதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக எண்ணிக்கை குறையும்.

தேளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் மார்பு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். கடல்மீன் தொட்டிக்கென்று சில சமயம் வருகிற, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டு உருண்டைக் கூட்டமாகத் திரிகிற புளோடோசஸ் குஞ்சுக்கும் அப்படியே. குத்துப்பட்ட இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி தணியும். சூட்டை அடிபடாத கையால் பார்க்க வேண்டும், வலியில் மரத்த கை சூட்டை அறியாது. முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சக்கர் என்ற ஒரே சொல்

சக்கர் குடும்பத்தில் மட்டும் சுமார் 1,000 இனங்கள். கடையில் எல்லாம் சக்கர்தான். கொஞ்சம் விலை கூடினால் 'பிளெக்கோ'. இங்கே மூக்கு உதவாது. முதுகுத் துடுப்பை விரித்துக் கதிரை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் தடித்த முள்ளை விட்டுவிட்டு, பின்னால் வரும் மென்கதிர்களை மட்டும். நுனியில் கதிர் கிளை பிரியும், அங்கே எண்ணினால் ஒன்று இரண்டாகிவிடும். உடம்போடு சேருகிற அடியில் எண்ண வேண்டும். கடைசிக் கதிர் உடம்போடு ஒட்டிக் கிடக்கும், அதை விட்டுவிடாதீர்கள். 7 என்றால் ஹைபோஸ்டோமஸாகவோ ஆன்சிஸ்ட்ரஸாகவோ இருக்கலாம். 10, 11, 12 என்று போனால் டெரிகோப்லிக்திஸ். 'டேங்க் க்ளீனர்' என்று மலிவாகக் கிடைப்பது அநேகமாக இதுதான், ஒரு முழத்துக்கு வளரும். ஆன்சிஸ்ட்ரஸ் என்கிற பிரிசில்நோஸ் 12, 15 செ.மீ.யோடு நின்றுவிடும், பாசி தின்ன ஒரு மீன் வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டியது அதைத்தான். 4 செ.மீ.யில் இரண்டும் பழுப்பாக, புள்ளியோடு, ஒரே மாதிரிதான் தெரியும். ஆணின் மூக்கில் கிளைக்கிற முட்கள் அந்த வயதில் முளைத்திருக்காது. கதிர் மட்டும் அப்போதே சரியாக இருக்கும்.

டெரிகோப்லிக்திஸுக்குள் எந்த இனம் என்று இறங்கினால் அடிவயிற்றுப் படம் தேவைப்படும். புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் பர்தாலிஸ், ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிவாக ஓடினால் டிஸ்ஜங்டிவஸ். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மீன்கள் ஏராளம், கலப்பும் நடந்திருக்கிறது. அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

எல் நம்பர் பற்றிக் கேட்பவர்களுக்காக: 'டாட்ஸ்' என்ற ஜெர்மன் மீன் இதழ், இன்னும் பெயரிடப்படாத சக்கர்களுக்கு அடையாளமாக 1988-ல் தொடங்கிய வரிசை அது. எல் 46 என்பது பிரேசிலின் ஷிங்கு ஆற்று ஜீப்ரா பிளெக்கோ. 1991-ல் ஹைபன்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று பெயர் பெற்றது. எண் ஒரு படத்துக்கும் பிடித்த இடத்துக்கும் கொடுக்கப்பட்டது. எங்கே பிடித்தது என்று தெரியாத மீனுக்குக் கடையில் எல் நம்பர் சொன்னால், அதை விலைச்சீட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோரிடோராஸில் ஒரே ஒரு குழப்பத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அது தினமும் நடக்கிறது. 'ஜூலி' என்று விற்பது பெரும்பாலும் டிரைலினியேட்டஸ். தலையை மேலிருந்து பாருங்கள். புள்ளிகள் தனித்தனியாக நின்றால் ஜூலி. இணைந்து வலைப்பின்னலாகக் கோடிட்டால் டிரைலினியேட்டஸ். வளர்ப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, காசில்தான். 2024-ல் இந்தப் பேரினத்தையே பிரித்து, கடையில் கிடைப்பதில் பலவற்றை ஹோப்லிசோமா, ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினங்களுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மீன் தொலைந்துவிடவில்லை, வீடு மாறியிருக்கிறது.

எங்கே நிறுத்துவது

எல்லா மீனுக்கும் இனப்பெயர் கிடைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம்தான் தப்பான பெயர்களைப் பெற்றுப் போடுகிறது. சினோடான்டிஸில் பண்ணைகளில் கலந்து பொரித்த குஞ்சுகள் நிறைய வருகின்றன. அவற்றுக்கு இனப்பெயர் என்று ஒன்று இல்லவே இல்லை. மீன் ஆய்வாளர்களே உறுதியாகத் தெரியாதபோது பேரினப் பெயரை எழுதி 'எஸ்பி.' என்று நிறுத்துகிறார்கள். ஒரு இனத்தைப்போல இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் நடுவில் 'சிஎஃப்.' என்று போடுகிறார்கள். நாமும் நோட்டில் அப்படி எழுதலாம். 'மிஸ்டஸ் எஸ்பி., 64 மி.மீ., மூக்கு மீசை உண்டு, கொழுப்புத் துடுப்பு குட்டை, கோடு தெளிவில்லை' என்று எழுதிய வரி, 'பிக்டஸ்' என்று அடித்துச் சொன்னதைவிட நூறு மடங்கு உபயோகம். மாதம் ஒருமுறை அதே டப்பாவில் அதே ஐந்து படம் எடுத்து வாருங்கள். குஞ்சில் மறைந்திருந்த அடையாளம் 10 செ.மீ.யில் வெளியே வரும். அதுவரை மீனைத் தனித் தொட்டியில், ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்டு, ஒளிய ஒரு குழாய்த் துண்டு கொடுத்து வையுங்கள். மருந்து போட நேர்ந்தால் செம்பு கலந்ததைத் தவிர்த்துவிடுங்கள். செதில் இல்லாத தோல் அதைத் தாங்காது.

பெயர் தெரிந்தபின் 'இது நம்மால் முடியாது' என்று ஆவதும் உண்டு. ரெட்டெயிலோ டெரிகோப்லிக்திஸோ என்று உறுதியானால் ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ கொண்டுபோய் விடுகிற யோசனை வேண்டவே வேண்டாம். டெரிகோப்லிக்திஸ் வயிற்றால் காற்றைச் சுவாசிக்கும், கரையில் வளை தோண்டும், மீனவர் வலையைக் கிழிக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ஏரி வழிந்தால் அடுத்த ஏரிக்கும் போய்விடும். ஆப்பிரிக்க கிளாரியஸ் என்று தெரிந்தால் இன்னும் கவனம், அதை வளர்ப்பதற்கே இந்தியாவில் தடை இருக்கிறது. வாங்கிய கடையில் கேளுங்கள். காசு திரும்ப வராவிட்டாலும் பெரிய மீனைப் பல கடைகள் எடுத்துக்கொள்ளும். கொண்டுபோகும்போது பாக்கெட் வேண்டாம், முள் இரண்டு உறையையும் துளைத்துவிடும். முந்தின நாள் தீனியை நிறுத்திவிட்டு, மூடியுள்ள 20 லிட்டர் வாளியில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர் ஊற்றி, மூடியில் நாலு ஓட்டை போட்டு, மேலே ஒரு ஈரத் துணியைப் போர்த்துங்கள். இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரும் நிம்மதியாக வருவார்.